தம்பிக்கு ஓர் அறை

மார்ச் 3, திங்கள்

மூன்றாவது மாடியில் பூட்டியே கிடந்த பழைய எக்ஸ்ரே அறைகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள். படியெல்லாம் சுண்ணாம்பு. அடுத்த வாரம் முதல் அது 'இணைச் சிகிச்சைப் பிரிவு'. ஓர் அறையில் அக்குபங்சர், ஓர் அறையில் மூச்சுப் பயிற்சி, ஓர் அறையில் மூலிகை மருத்துவம். காலைக் கூட்டத்தில் தலைமை மருத்துவர் அறிவித்தபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன். இதே மனிதர்தான் வார்டில் ஒரு பாட்டியின் தலையணைக்கடியில் இருந்த வேர்ப்பொட்டலத்தை எடுத்துக் குப்பையில் வீசியவர். இப்போது சொல்கிறார்: "நோயாளிங்க எப்படியும் போகத்தான் போறாங்க. வெளிய போய்க் கண்டதையும் திங்கறதுக்கு, நம்ம கண்ணு முன்னால போகட்டும்."

நியாயம்தான். அதுவல்ல விஷயம்.

கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாக நிறுத்தினார். "மூலிகை மருத்துவர் வேலைக்கு உங்க தம்பி விண்ணப்பம் போட்டிருக்கார். வந்ததுலயே அதுதான் உருப்படியா இருக்கு. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

"எனக்கென்ன சார்" என்றேன். சிரிக்கவும் செய்தேன். அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. என்னிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

மார்ச் 4, செவ்வாய்

அம்மா போன் செய்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "ரெண்டு பிள்ளைங்களும் ஒரே ஆஸ்பத்திரியில. அப்பா இருந்திருந்தா..."

அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எங்கள் மூவருக்குமே தெரியும். யாராவது கேட்டால், "பொண்ணு டாக்டர்" என்று நிமிர்ந்து சொல்வார். தம்பியைப் பற்றிக் கேட்டால், "அவனும் ஏதோ படிச்சிருக்கான்" என்று செய்தித்தாளை விரித்துக்கொள்வார். ஐந்தரை வருடம் படித்துப் பட்டம் வாங்கியவன். அந்த 'ஏதோ'வை இருபது வருடமாகச் சுமக்கிறான். நானும் அதை இறக்கி வைக்க உதவியதில்லை.

அவனுக்கு வேலை கிடைக்க வேண்டும். கிடைத்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே மனசுக்குள் எப்படி இருக்கின்றன?

மார்ச் 11, செவ்வாய்

முதல் நாள். வெள்ளைக் கோட்டு அவனுக்கு ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. நேராக என் அறைக்கு வந்தான். வெளியே நோயாளிகள் வரிசையில் இருக்கிறார்கள், இவன் ஆற அமர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, டீ சொல்லேன்" என்றான்.

"இங்க என்னை மேடம்னு கூப்பிடு."

"சரி மேடம். டீ சொல்லுங்க மேடம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு விரட்டினேன்.

மதியம் உணவு அறையில் நம்ம 'கத்தி' (அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர், எதற்கும் வெட்டிப் பார்த்துவிடலாம் என்பவர், அதனால் அந்தப் பெயர்) எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: "மேடம், உங்க தம்பி குடல்வாலுக்கு என்ன கஷாயம் குடுப்பார்? நான் ரிட்டயர் ஆகலாமான்னு பாக்கறேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மார்ச் 20, வியாழன்

இன்று தம்பியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுவே பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

கீமோ வார்டில் ஒரு அம்மாள். துணிக்கடை வைத்திருப்பவர். ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி. இருக்கிற மருந்தெல்லாம் கொடுத்தாகிவிட்டது. 'வேண்டாம், செத்தாலும் பரவாயில்லை' என்று நிறுத்தப் பார்த்தவர். புற்றுநோய் மருத்துவரே அவரை மூன்றாவது மாடிக்கு அனுப்பியிருக்கிறார். மணிக்கட்டில் ஊசி. இன்று பார்த்தேன், கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாந்தி சுத்தமா நிக்கல மேடம். ஆனா பாதிக்குப் பாதி கொறஞ்சிருக்கு. இனி மிச்ச கீமோவையும் போட்டுக்குவேன்."

வாந்திக்கு அக்குபங்சர் உதவுகிறது என்று கட்டுரைகள் படித்திருக்கிறேன். படித்தபோது தலையாட்டியிருக்கிறேன். ஆனால் நேரில் பார்க்கும்போது ஏன் உள்ளுக்குள் யாரோ, "இரு, இரு, அவசரப்படாதே" என்கிறார்கள்?

தம்பியின் அறைக்கு வெளியேதான் பெரிய வரிசை. அவன் ஒருவரைப் பார்க்கிற நேரத்தில் நான் ஐந்து பேரை அனுப்பிவிடுவேன். ஒவ்வொருவரிடமும் தூக்கம், கோபம், மருமகள் வரைக்கும் கேட்கிறான். பொறாமையா இது? இருக்கலாம்.

ஏப்ரல் 9, புதன்

கணக்கு வாத்தியார் வந்திருந்தார். ஓய்வு பெற்றவர், என்னிடம் நெடுநாளாக வருகிறவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. முன்பு வலி மாத்திரை சாப்பிட்டு வயிற்றில் ரத்தம் கசிந்து பிழைத்தவர். அதனால் பாராசிட்டமாலைத் தவிர வேறு எதையும் தைரியமாகக் கொடுக்க முடியாது. அறுவை சிகிச்சை என்றாலே எழுந்து நின்றுவிடுவார். "கத்தி வேணாம் மேடம், வேற எதாச்சும்."

மேலே பார்த்தேன். கூரையை அல்ல, மூன்றாவது மாடியை. பிறகு போனை எடுத்தேன்.

"ஒருத்தரை அனுப்பறேன். எனக்கு ரொம்ப வேண்டியவர். முட்டி வலி. பாத்துக்கோ."

"நீயா அனுப்பறே?"

"நான்தான்."

"நல்லா பாத்துக்கறேன்க்கா." குரல் உடைந்திருந்தது. மேடம் என்று சொல்ல மறந்துவிட்டான். நானும் திருத்தவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

வாத்தியார் படியேறி வந்தார்! லிஃப்டுக்குக் காத்திருக்காமல்! கையில் ஊன்றுகோல் இருந்தது, ஆனால் அதை ஊன்றவில்லை, பிரம்பு மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தார். தம்பி கொடுத்த பொடியும் மேல்பூச்சு எண்ணெயும் நன்றாகக் கேட்கிறதாம். "உங்க தம்பி கைராசிக்காரர்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். "உன் தம்பியை நீ பாராட்டி இப்பத்தான் கேக்கறேன்" என்றார். உண்மையா? அப்படியா இருந்திருக்கிறேன்?

மே 6, செவ்வாய்

வாத்தியார் கண்கள் மஞ்சள்.

அவர் உள்ளே நுழைந்ததுமே ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டேன். பசியில்லை, அரிப்பு, சிறுநீர் டீ டிகாஷன் மாதிரி. கல்லீரல் பரிசோதனையில் ஐம்பதுக்குள் இருக்க வேண்டிய எண் ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. வைரஸ் எதுவும் இல்லை. பித்தப்பையில் கல் இல்லை. குடிப்பழக்கம் இல்லாதவர்.

மருந்துதான்.

எந்த மருந்து?

படுக்கையில் சேர்த்துவிட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். கடவுளே, நான்தானே அனுப்பினேன்.

மே 7, புதன்

வீட்டிலிருந்து எல்லா மருந்தையும் எடுத்து வரச் சொல்லியிருந்தேன். வாத்தியார் மனைவி ஒரு துணிப்பையைக் கொண்டு வந்து என் மேஜையில் கவிழ்த்தார். தம்பியின் பொடி டப்பா, கிட்டத்தட்டக் காலி. நான் எழுதிய பாராசிட்டமால், காலி அட்டை மேல் காலி அட்டை. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

"இவ்வளவா?"

"நீங்கதான மேடம் வலிச்சா போட்டுக்கச் சொன்னீங்க. நல்லா நடக்க ஆரம்பிச்சாரு. நடந்தா வலிச்சுது. வலிச்சா போட்டாரு. பொடியும் ஒரு வேளைக்கு ரெண்டு வேளையா, சீக்கிரம் குணமாகட்டும்னு..."

"மேல டாக்டர்கிட்ட இந்த மாத்திரையைப் பத்திச் சொன்னாரா?"

அந்த அம்மாள் முந்தானையைத் திருகினார். "அவரு கேட்டாரு. எல்லாத்தையும் நிறுத்திட்டேன்னு இவரு சொல்லிட்டாரு. இங்கிலீஷ் மருந்து சாப்பிடறது தெரிஞ்சா அவரு வருத்தப்படுவாராம்."

"சரி. பொடியை ரெண்டு மடங்கா சாப்பிடறதை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்டயா? சொன்னா திட்டுவீங்களே மேடம்."

காலி அட்டைகளை எண்ண ஆரம்பித்தேன்.

அவனுக்குப் போன் செய்தபோது நான் பாராசிட்டமாலைப் பற்றிச் சொன்னேனா? எத்தனை தடவை யோசித்தாலும் 'முட்டி வலி, பாத்துக்கோ' என்பதுதான் காதில் விழுகிறது. சொல்லவில்லை. அதெல்லாம் ஒரு மருந்தா என்று நினைத்திருப்பேன். எல்லார் வீட்டு அலமாரியிலும் கிடக்கிற மாத்திரை.

பாராசிட்டமாலுக்கான முறிமருந்தை டிரிப்பில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். பொடிக்கு முறிமருந்து உண்டா? தெரியாது. அவனைத்தான் கேட்க வேண்டும்.

மே 8, வியாழன்

மாடிப்படியில் வைத்துக் கேட்டேன். மேலே அவனுடைய நோயாளிகள், கீழே என்னுடையவர்கள், நடுப்படியில் நாங்கள்.

"என் மருந்து இல்லக்கா. இந்த வேரை எத்தனை பேருக்குக் குடுத்திருக்கேன் தெரியுமா?"

"பாராசிட்டமாலை நான் எத்தனை பேருக்குக் குடுத்திருக்கேன் தெரியுமா?"

இரண்டு பேரும் ஒரே வசனத்தைத்தான் பேசுகிறோம் என்று எனக்கு உறைத்தது. அவனுக்கும் உறைத்திருக்கும். ஆனால் யாரும் நிறுத்தவில்லை.

மருந்தினால் தீங்கு என்று சந்தேகம் வந்தாலே மருந்துப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுத வேண்டும். அதுதான் விதி. யார் மருந்தாக இருந்தாலும். சொன்னேன்.

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "எழுது. நீ எழுதினா என்னை மூடுவாங்க. உன்னை மூட மாட்டாங்க."

நிஜம் அதுதானே. பாராசிட்டமாலால் கல்லீரல் போனால் அது பக்கவிளைவு. பொடியால் போனால் அது மோசடி. ஊர் அப்படித்தான் பேசும். உணவு அறை அப்படித்தான் பேசும்.

"அக்கா, எனக்கு அந்த ஆளுக்கு நல்லாகணும். அதுதான் முதல்ல. முறிமருந்து கேட்டியே, எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் நிறுத்து. அவ்வளவுதான்." போய்விட்டான்.

தெரியாது என்று இவ்வளவு நேராகச் சொல்ல எனக்கு வந்திருக்குமா?

மே 9, வெள்ளி

கல்லீரல் எண் குறையவில்லை. ரத்தம் உறைகிற நேரம் நீண்டுகொண்டே போகிறது. அது நல்லதல்ல.

மூளை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்: நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னைப் பாத்தா இந்தக் கேள்வி கேக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு, கடகடவென்று இரண்டு வரைக்கும் இறங்கி, "மேல போகணுமா, மைனஸுக்கு?" என்றார். வார்டே சிரித்தது. எனக்கும் மூச்சு வந்தது.

மே 10, சனி

காலையில் அதே கேள்வி. தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. எண் வரவில்லை. மனைவி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எழுபத்தொன்பதுங்க, எழுபத்தொன்பது" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தார், ஏதோ பரீட்சையில் பாஸ் ஆகிவிட்டால் போதும் என்பது போல.

கல்லீரல் மாற்று மையத்துக்குப் பேசிவிட்டேன். நாளையும் இப்படியே இருந்தால் அனுப்பச் சொன்னார்கள். கத்தி வந்து பார்த்தார். வழக்கமான கிண்டல் இல்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் கிண்டல் செய்திருந்தாலே தேவலை என்றிருந்தது.

அறிக்கையை இன்னும் எழுதவில்லை. ஏன் எழுதல? எழுது. அந்த மனுஷன் எண்ணை மறந்துட்டு உக்காந்திருக்காரு, நீ பேனாவை வெச்சுக்கிட்டு யோசிக்கிறே.

மே 11, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். தம்பி வீட்டில்தான் இருக்கிறாள், எல்லாம் தெரிந்திருக்கிறது. "அவனுக்கு இப்பத்தான் ஒரு மரியாதை கெடைச்சிருக்கு. நீயே பிடுங்கிப் போட்டுடாதடி. ஒரே வயித்துல பொறந்தவன்."

"அந்த வாத்தியாரும் ஒரு வயித்துல பொறந்தவர்தாம்மா" என்றேன்.

"எனக்கும்தான் அவன் அதே பொடியைக் குடுக்கறான். எனக்கு என்ன ஆச்சு? கல்லு மாதிரி இருக்கேன்."

அதே பொடி. அம்மா. அடுத்த நிமிஷம் காரில் இருந்தேன். ரத்தம் எடுக்க ஊசியை வெளியே எடுத்ததும் அம்மா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "சமாதானம் பேச வருவேன்னு பாத்தா ஊசியோட வந்திருக்கா, பாரு!" தம்பிதான் அவள் கையைப் பிடித்து நீட்டினான். அவன் முகம் வெளிறியிருந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ரத்தம் குழாயில் ஏறுவதையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவின் கல்லீரல் நன்றாக இருக்கிறது. கல்லு மாதிரிதான். போனில் சொன்னபோது தம்பி 'ம்' என்றான். 'பாத்தியா' என்று சொல்லவில்லை. ஒரு ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் எதுவும் நிரூபணமாகாது என்று அவனுக்கும் தெரியும்.

வாத்தியார் நேற்று மாதிரியே. மோசமாகவில்லை. மாற்று மையம் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்கிறது.

சாயங்காலம் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். பொடியையும் எழுதினேன், பாராசிட்டமாலையும் எழுதினேன். நோயாளியை அனுப்பியது நான், அவர் என்ன சாப்பிடுகிறார் என்று நான் மேலே சொல்லவில்லை, என்பதையும் எழுதினேன். அந்த ஒரு வரி எழுதத்தான் அத்தனை நேரம் பிடித்தது.

மே 12, திங்கள்

கொடுத்துவிட்டேன். மதியத்துக்குள் மூன்றாவது மாடி பூட்டப்பட்டது. அவன் அறை மட்டுமல்ல, மொத்தமும்.

பூட்டுவதற்கு முன்பே தம்பி மீதிப் பொடியை, அதே சரக்கின் மூட்டையோடு, தானே கொண்டுபோய் மருந்தாளரிடம் சோதனைக்குக் கொடுத்துவிட்டானாம். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மே 14, புதன்

எண்பத்தாறு. எழுபத்தொன்பது. எழுபத்திரண்டு. அறுபத்தஞ்சு.

எழுதும்போதே கண்ணில் தண்ணீர் வருகிறது. ரத்தம் உறைகிற நேரமும் இறங்க ஆரம்பித்துவிட்டது. "பசிக்குது மேடம்" என்றார். வாத்தியார் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்புறம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்க தம்பியை எங்க காணோம்? நேத்து வரைக்கும் வந்து இவர்கிட்ட உக்காந்துட்டுப் போனாரே?"

வந்து போனானா? எப்போது? நான் இல்லாத நேரமாகப் பார்த்து.

மே 19, திங்கள்

குழு கூடியது. நீள மேஜை. அவன் ஒரு முனை, நான் ஒரு முனை.

கத்தி ஆரம்பித்தார்: "இதுல பேச என்ன இருக்கு? மூடிடலாம். சோதனை செய்யாத மருந்தை நம்ம கூரைக்குக் கீழ குடுத்தது நம்ம தப்பு." இரண்டு மூன்று தலைகள் ஆடின.

தலைமை மருத்துவர் ஒரே கேள்விதான் கேட்டார். "நோயாளி வேற என்ன சாப்பிடறார்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

"கேட்டேன் சார்" என்றான் தம்பி. "எல்லாத்தையும் நிறுத்திட்டேன்னார். நம்பிட்டேன். அட்டையை எடுத்துட்டு வாங்கன்னு சொல்லியிருக்கணும். ரத்தப் பரிசோதனையும் பண்ணியிருக்கணும். பண்ணல."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்குத் தெரியும். நான் சொல்லல" என்றேன்.

யாரோ பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது. பரிசோதனைக்கூட முடிவு வரும்வரை பூட்டு அப்படியே இருக்கும் என்று சொல்லிக் கலைந்தார்கள். தம்பி என்னைக் கடந்து போனபோது நின்றான் என்று நினைத்தேன். செருப்பைச் சரிசெய்துகொண்டு போனான்.

மே 30, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. பொடியில் ஈயம் இல்லை, பாதரசம் இல்லை, கலப்படம் இல்லை. டப்பாவில் எழுதியிருந்ததுதான் உள்ளே இருந்தது. ஆனால் அந்த வேர், அளவு மீறினால், அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கக்கூடும். பாராசிட்டமாலும் அளவு மீறினால் அதையேதான் செய்யும். 'இரண்டுமே காரணமாக இருக்க வாய்ப்புண்டு' என்று முடித்திருக்கிறார்கள்.

இவ்வளவுதானா? யாராவது ஒருவர் குற்றவாளி என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன்.

வாத்தியார் வீட்டுக்குப் போய்விட்டார். முழங்கால் பழையபடி வலிக்கிறதாம்.

ஜூன் 5, வியாழன்

துணிக்கடை அம்மாளை மூன்றாவது மாடிப் படியில் பார்த்தேன். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தார். நேற்று கீமோ. கையில் பிளாஸ்டிக் பை, வாந்திக்கு. "எப்ப தொறப்பாங்க மேடம்?"

தெரியாது என்றேன்.

"தொறக்கலன்னா, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தர் ஊசி குத்தறாராம். அங்க போலாமான்னு..." என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எங்கே திட்டிவிடுவேனோ என்று. கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பு, யார் குத்திய ஊசியோ, எங்கே கழுவிய ஊசியோ!

திட்டவில்லை. பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து, அந்த ஆளைப் பற்றி முழுவதும் கேட்டேன். அவர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "அங்க மட்டும் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டேன். "நீங்க சொன்னா சரி" என்றார்.

பூட்டுப் போட்டு யாரைக் காப்பாற்றினோம்?

ஜூன் 9, திங்கள்

தலைமை மருத்துவரிடம் போய் நின்றேன். பிரிவைத் திறக்க வேண்டும். மேலேயும் கீழேயும் ஒரே நோயாளிக்கு ஒரே மருந்துச் சீட்டுத்தான். மூலிகை கொடுப்பதற்கு முன்பும் பின்பும் ரத்தப் பரிசோதனை. வாரம் ஒரு நாள் நானும் மூலிகை மருத்துவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"தம்பிக்காகப் பேசறீங்களா?"

"இல்ல சார். என் நோயாளிங்க என்கிட்ட பொய் சொல்றாங்க. அதுக்காகப் பேசறேன்."

தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "பாக்கலாம்" என்றார். அவர் அகராதியில் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்குமே தெரியாது.

தம்பியைக் கேட்காமலே அவனையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். வர மாட்டேன் என்றால்?

ஜூன் 17, செவ்வாய்

தம்பி வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்துவிட்டு, பேசாமல் உள்ளே போய் டீ போட ஆரம்பித்தாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசின.

தம்பி துணி மடித்துக்கொண்டிருந்தான். நானும் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்தேன்.

"அறிக்கையைப் படிச்சேன்" என்றான்.

"ம்."

"உன்னைப் பத்தியும் எழுதியிருந்தே."

"இருந்ததை எழுதினேன்."

"நீ எழுதினது சரிதான்க்கா. ஆனா வலிச்சுது." சட்டைக் கையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான். "அன்னைக்குக் கேன்டீன்ல எல்லாரும் சிரிச்சப்ப நீயும் சிரிச்சதா கேள்விப்பட்டேன். அதுதான் இதைவிட வலிச்சுது."

மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லாத வார்த்தை. "இனிமே சிரிக்க மாட்டேன்" என்றேன். குழந்தை மாதிரி. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே அறையில் உட்காருகிற விஷயத்தைச் சொன்னேன்.

"நீ பேசற பேச்சுக்கு நோயாளிங்க ஓடிடுவாங்க."

"அதுக்குத்தான் நீ பக்கத்துல."

அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். எனக்குச் சர்க்கரை போட்டிருந்தாள், நான் போட்டுக்கொள்வதில்லை என்று தெரிந்தும். குடித்துவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

திறந்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக. கத்தி ஒருவர்தான் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டாராம். போடட்டும். ஒருவராவது சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பது நல்லது.

முதல் கூட்டு நாள். வீட்டில் சாப்பிடுகிற எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருந்தோம். அடேயப்பா! மாத்திரை, டானிக், கடையில் வாங்கிய லேகியம், பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக். ஒருவர் தன் நாய்க்குக் கொடுத்த மூட்டு மாத்திரையை எடுத்து மேஜையில் வைத்தார். "அதுக்கு நல்லாக் கேட்டுச்சு சார், அதான்." நான் வாயைத் திறப்பதற்குள் மேஜைக்கடியில் தம்பி என் காலை மிதித்தான்.

"நல்ல வேளை, எடுத்துட்டு வந்தீங்க" என்றேன். என் குரல்தானா அது?

ஜூலை 22, செவ்வாய்

இரண்டு பேருக்குப் பொடியை நிறுத்தினோம். மூன்று பேருக்கு என் மாத்திரையை நிறுத்தினோம். அவன் கணக்கு வைக்கிறான், கேலிக்கு.

பயம் போகவில்லை. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைத் தாளையும் பாதிக் கண்ணைத் திறந்துதான் பார்க்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று கூட்டு நாள் இல்லை. மதியம் தம்பி கதவைத் தட்டிக்கொண்டு நின்றான், பின்னால் ஒரு பெண். தையல் வேலை செய்பவராம். நாற்பது இருக்கும். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"இவங்களைக் கொஞ்சம் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

இடது மார்பில் கட்டி. போன வருடமே கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி என்றால் அறுத்துவிடுவார்கள் என்று பயம். மூன்றாவது மாடியில் மூலிகை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கரைகிறதற்குப் பொடி கேட்டு வந்திருக்கிறார்.

"குடுத்தாரா?"

"ஒண்ணும் தர மாட்டேன்னுட்டாரு. கோவமா எந்திரிச்சுட்டேன். அப்ப, வாங்க, நானும் கூட வர்றேன், கீழ என் அக்கா இருக்காங்கன்னாரு." சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கூட வர்றேன்னாரேன்னுதான் வந்தேன். இல்லன்னா வந்திருக்க மாட்டேன்."

கட்டி சிறியதுதான். அக்குளில் எதுவும் தட்டுப்படவில்லை. ஸ்கேன் எடுத்தோம், ஊசியில் சதைத் துணுக்கு எடுத்து அனுப்பியாயிற்று. அவர் ஒவ்வொரு அறைக்குள் போனபோதும் தம்பி வெளியே நின்றான். மேலே அவனுடைய வரிசை காத்துக்கொண்டிருந்தது. யாரோ வந்து கூப்பிட்டார்கள், கொஞ்சம் பொறுத்து வருகிறேன் என்று அனுப்பிவிட்டான்.

முடிவு திங்கட்கிழமை வரும். அந்தப் பெண்ணுக்குத் தனியாக வர பயமாம். தம்பி வாசலில் நின்று அழைத்து வருகிறேன் என்றிருக்கிறான். நான் காலை வரிசையைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.